மறுகால் மேலே ஏறாது: டேட்டாபேஸ் டிரிகர்கள் என்றைக்காவது நிற்குமா என்று பார்ப்பது எப்படி

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற ஒரு கடைக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் செய்து கொடுத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு எலக்ட்ரானிக் தராசு, பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு நாள் இரவு அதில் ஒரு டிரிகரைக் கூடுதலாகச் சேர்த்தேன். டிரிகர் என்றால் டேபிளில் ஏதாவது மாறியதும் டேட்டாபேஸ் தானாகவே ஓட்டுகிற சின்ன புரோகிராம். 10 கிலோ, 20 கிலோ, 40 கிலோ, 100 கிலோ என்று நாலு பில் போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தது, தூங்கப் போய்விட்டேன். காலையில் எட்டு மணிக்கெல்லாம் கடைக்கார அண்ணனிடமிருந்து போன். "தம்பி, 37.3 கிலோ ஒருத்தர் கொண்டு வந்திருக்காரு, பில்லு ஏற மாட்டேங்குது, சிவப்பு எழுத்துல என்னமோ வருது. சரின்னு 37.4-ன்னு போட்டுப் பாத்தேன், ஏறுது, ஆனா கிலோ 185 ரூவான்னு காட்டுது. இன்னைக்கு நாம போட்ட வெல 182.50 தானே?"

அந்த ஒரு போன் காலில் இரண்டு வியாதியும் இருந்தது. ஒன்றில் டிரிகர் நிற்கவே இல்லை, இன்னொன்றில் நின்றது, ஆனால் நிற்கக் கூடாத இடத்தில் போய் நின்றது. டிரிகர் எழுதுகிற எவரும் இதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் முன்பே காகிதத்தில் கண்டுபிடித்துவிடலாம். நான் அன்றைக்குச் செய்யாமல் விட்டு, அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் செய்கிற வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் போஸ்ட்கிரெஸிலிருந்து வரும், ஆனால் முறை எல்லா டேட்டாபேஸுக்கும் ஒன்றுதான்.

முதலில் என்ன நடந்தது என்று பாருங்கள். கொள்முதல் டேபிளில் எடை, கிலோ விலை, தொகை என்று மூன்று காலம், அதாவது மூன்று நெடுவரிசை. பழைய டிரிகர், விலை மாறினால் விலையை எடையால் பெருக்கி, சில்லறை வந்தால் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றி தொகையில் எழுதும். விவசாயிக்குப் பைசா குறையக் கூடாது என்பது அண்ணனின் கொள்கை. நான் இரவில் சேர்த்த புதிய டிரிகர் இதற்கு எதிர்த்திசை. தொகையை யாராவது கையால் மாற்றினால், அதை எடையால் வகுத்து, அதையும் அடுத்த பைசாவுக்கு ஏற்றி, கிலோ விலையில் எழுதும். இரண்டிலும் "மதிப்பு உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் ஓடு" என்று நிபந்தனை வைத்திருந்தேன். அந்த நிபந்தனை இருக்கிறதே, எங்கே சுற்றப் போகிறது என்ற தைரியம்.

இப்போது 37.5 கிலோவைக் கையால் ஓட்டிப் பாருங்கள். 182.50-ஐ 37.5-ஆல் பெருக்கினால் 6843.75, மேலே ஏற்றினால் 6844. தொகை மாறியதால் புது டிரிகர் ஓடும், 6844-ஐ 37.5-ஆல் வகுத்தால் 182.5066, ஏற்றினால் 182.51. விலை மாறிவிட்டது, பழையது ஓடும், 6844.125, ஏற்றினால் 6845. மறுபடி வகுத்தால் 182.54. மறுபடி பெருக்கினால் 6845.25, ஏற்றினால் 6846. இதை வகுத்தால் மிச்சமில்லாமல் 182.56, பெருக்கினால் அதே 6846, எதுவும் மாறவில்லை, நின்றது. இரண்டு ரூபாய் கூடுதல். அன்று காலையில் முதலில் வந்தவர் 37.5 கிலோதான், யாரும் கவனிக்கவில்லை.

37.4 கிலோவில் தொகை 6826-ல் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ரூபாய் ஏறி, 187-ஆல் மீதமின்றி வகுபடுகிற 6919-க்கு வரும்வரை நிற்காது. 93 சுற்று, கிலோ சரியாக 185.00. 37.3 கிலோவில் 6808-ல் கிளம்பி 7087-ல்தான் நிற்கும், 279 சுற்று, கிலோ 190.00. ஒரு சுற்றுக்கு இரண்டு டிரிகர், ஒன்றுக்குள் ஒன்றாக 558 அடுக்கு. அதற்குள் போஸ்ட்கிரெஸ் இந்த அடுக்குகளை நினைவில் வைக்கிற ஸ்டாக் இடம் தீர்ந்து "ஸ்டாக் டெப்த் லிமிட் எக்ஸீடட்" என்று கையை விரித்துவிட்டது. நான் இரவில் போட்டுப் பார்த்த 10, 20, 40, 100 எல்லாம் முதல் பெருக்கலிலேயே முழு ரூபாயாக வருகிற எடைகள். அந்த எடையில் உலகத்தில் ஒரு விவசாயியும் ஷீட் கொண்டு வந்ததில்லை.

நிற்குமா என்று எப்போதும் சொல்ல முடியுமா?

எல்லா டிரிகர்களுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிற ஒரு புரோகிராம் எழுதவே முடியாது. டிரிகருக்குள் லூப், இஃப், இன்செர்ட் எல்லாம் எழுதலாம் என்றால் அது முழு புரோகிராமிங் மொழிக்குச் சமம். அப்படிப்பட்ட ஒரு புரோகிராம் நிற்குமா நிற்காதா என்று சொல்கிற பொதுவழி கிடையாது என்று 1936-லேயே ஆலன் டூரிங் நிரூபித்துவிட்டார். ஆனால் உங்களிடம் இருப்பது உலகத்து டிரிகர் எல்லாம் இல்லையே, உங்கள் கடையின் பதினாலோ இருபதோதானே. அதற்கு ஒரு நல்ல பாதிவழி உண்டு. 1992-ல் அலெக்ஸ் ஐக்கன், ஜெனிஃபர் விடம், ஜோசப் ஹெல்லர்ஸ்டைன் மூவரும் ஐபிஎம்மின் ஸ்டார்பர்ஸ்ட் டேட்டாபேஸ் விதிகளை வைத்து எழுதியது அது: எந்த விதி எந்த விதியைக் கிளப்பிவிடும் என்று அம்புக்குறி போட்டுப் படம் வரை, படத்தில் வளையம் இல்லாவிட்டால் கட்டாயம் நிற்கும். வளையம் இருந்தால் நிற்காது என்று அர்த்தமில்லை, நிற்கும் என்று நீதான் காரணம் காட்ட வேண்டும்.

நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க ஒரு குளம் போதும். ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாயும், அதாவது மிஞ்சிய தண்ணீர் வெளியே போகும், அது அடுத்த குளத்தில் விழும், அது நிறைந்தால் அதன் மறுகால் இன்னொன்றுக்கு. இப்படி எத்தனை குளம் தாண்டினாலும் ஒரு நாள் கடலில் போய் முடியும், ஏனென்றால் ஒவ்வொரு குளமும் முந்தையதைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. கீழ்க்குளத்தில் ஒருவர் மோட்டார் வைத்து மேல்குளத்துக்கே தண்ணீரை ஏற்றினால்தான் கதை மாறும். நான் அன்று இரவு செய்தது மோட்டார் வைத்த வேலை. டிரிகர் படத்தில் நீங்கள் தேட வேண்டியது அந்த மோட்டாரைத்தான். மோட்டார் இருந்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் குறைந்துகொண்டே வருகிற டீசல் டேங்க் எங்கே என்று கேட்க வேண்டும்.

படம் வரைவது

ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். முதலில் எல்லா டிரிகரையும் பட்டியல் எடுங்கள். போஸ்ட்கிரெஸில் பிஜி டிரிகர் என்ற சிஸ்டம் டேபிளில் எல்லாம் இருக்கும், டிஜி இஸ் இன்டர்னல் என்ற காலம் ஃபால்ஸாக இருப்பவை நீங்கள் எழுதியவை. மைஎஸ்க்யூஎல் என்றால் ஷோ டிரிகர்ஸ். முடக்கி வைத்திருக்கிற டிரிகரையும் எழுதிக்கொள்ளுங்கள், அதை என்றைக்கோ ஒருவர் திரும்ப எனேபிள் பண்ணப் போகிறார். அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று, ஒரு டேபிளின் வரியை இன்னொரு டேபிளின் வரியோடு கட்டிவைக்கிற ஃபாரின் கீயில் வைத்த டெலீட் கேஸ்கேட், அப்டேட் கேஸ்கேட்; தாய் வரி அழிந்தாலோ மாறினாலோ பிள்ளை வரியும் கூடவே அழியும், மாறும். போஸ்ட்கிரெஸில் கேஸ்கேடால் அழிகிற வரிக்கும் அந்த டேபிளின் டிரிகர் ஓடும், ஆகவே ஒவ்வொரு கேஸ்கேடையும் ஒரு டிரிகராகவே படத்தில் போடுங்கள். மைஎஸ்க்யூஎல் 8 வரை கேஸ்கேடால் வரும் மாற்றத்துக்கு டிரிகர் ஓடாது, அங்கே இதை விட்டுவிடலாம்.

ஒவ்வொரு டிரிகருக்கும் ஒரு புள்ளி. பக்கத்தில் இரண்டு விஷயம் எழுதுங்கள்: எது நடந்தால் இது ஓடும், ஓடினால் எந்த டேபிளில் எந்தக் காலத்தைத் தொடும். இரண்டாவதுதான் கஷ்டம், ஃபங்ஷனைத் திறந்து படிக்க வேண்டும், அது இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அதையும் படிக்க வேண்டும், டேபிள் பெயரை ஸ்ட்ரிங்காக ஒட்டி எக்ஸிக்யூட் பண்ணுகிற டைனமிக் எஸ்க்யூஎல் இருந்தால் எந்த டேபிளையும் தொடலாம் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அம்பு போட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் அம்பு போடுவதுதான் பாதுகாப்பு. அதிகமாகப் போட்டால் கொஞ்சம் வீண் வேலை, குறைவாகப் போட்டால் காலை எட்டு மணிக்கு போன்.

ஒன்று தொடுவது இன்னொன்று ஓடக் காரணம் என்றால் அதிலிருந்து இதற்கு ஓர் அம்பு. இங்கே சில நுணுக்கங்கள் இருக்கின்றன, நிதானமாகப் பாருங்கள். வரி எழுதப்படும் முன்பே ஓடுகிற பிஃபோர் டிரிகர் தன் கையில் இருக்கிற புது வரியில் மதிப்பை மாற்றிக் கொடுத்தால் அது புதிய அப்டேட் கிடையாது, அதற்கு அம்பு வேண்டாம். ஆனால் அதே பிஃபோர் டிரிகர் உள்ளே தனியாக ஓர் அப்டேட் கட்டளை ஓட்டினால் அம்பு உண்டு. இந்தக் காலம் அப்டேட் ஆனால் மட்டும் ஓடு என்று காலம் பெயர் சொல்லி டிரிகர் எழுதியிருந்தால் அம்புகள் நிறையக் குறையும், ஆனால் போஸ்ட்கிரெஸ் அங்கே பார்ப்பது அப்டேட் கட்டளையின் செட் பகுதியில் அந்தக் காலத்தின் பெயர் இருக்கிறதா என்பதை மட்டும்தான். மதிப்பு மாறியதா என்று பார்க்காது. உங்களுக்காக எஸ்க்யூஎல் கட்டளையைத் தானே எழுதி அனுப்புகிற ஓஆர்எம் லைப்ரரி ஒவ்வொரு தடவையும் எல்லாக் காலத்தையும் செட்டில் எழுதி அனுப்புகிற ரகம் என்றால் காலம் பெயர் சொல்லி ஒரு புண்ணியமும் இல்லை.

இன்னொரு பொறி, வரிக்கு வரி ஓடாமல் கட்டளைக்கு ஒரு தடவை ஓடுகிற ஸ்டேட்மென்ட் டிரிகர். அப்டேட்டில் ஒரு வரிகூட மாறாவிட்டாலும் அது ஓடும். ஒரு ஸ்டேட்மென்ட் டிரிகர் தன் டேபிளிலேயே ஓர் அப்டேட் ஓட்டுகிறது, "மாற வேண்டிய வரிகளை மட்டும்" என்று வேர் நிபந்தனையும் கச்சிதமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றில் பூஜ்ஜியம் வரி மாறும், அதற்கும் டிரிகர் ஓடும், அது மறுபடி பூஜ்ஜியம் வரியை மாற்றும், அதற்கும் ஓடும். வரிக்கு வரி ஓடுகிற டிரிகராக இருந்தால் பூஜ்ஜியம் வரியில் தானாக நின்றிருக்கும். அதனால் ஸ்டேட்மென்ட் டிரிகருக்குத் தன்னிடமே திரும்புகிற அம்பு இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் சிவப்பு மை.

படம் வந்தாயிற்றா. இப்போது வெளியே போகிற அம்பே இல்லாத புள்ளிகளை அடித்துவிடுங்கள், அவை கடல். அடித்ததால் வெளியே போகிற அம்பை இழந்த புள்ளிகளை அடுத்து அடியுங்கள். இப்படியே போய் ஒன்றும் மிச்சமில்லை என்றால் வேலை முடிந்தது, உங்கள் டிரிகர்கள் நிற்கும், ஒவ்வொரு டிரிகரின் உள்ளேயும் முடியாத லூப் எதுவும் இல்லாதவரை. சீக்கிரம் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வரி நூறு வரியைக் கிளப்பி, அந்த நூறும் ஆளுக்கு நூறைக் கிளப்பினால் மூன்றாம் அடுக்கிலேயே பத்தாயிரம். அது வேறு தலைவலி.

டிரிகர் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டினால் கையால் முடியாது. அம்புகளை எங்கிருந்து, எங்கே என்று இரண்டு காலம் உள்ள ஒரு டேபிளில் போட்டுவிட்டு, கிடைத்த விடையிலிருந்தே மேலும் மேலும் தேடிப் போகிற ரிகர்சிவ் குவெரி ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸ் 14-இலிருந்து அதற்கென்றே சைக்கிள் என்ற பகுதி இருக்கிறது, வளையத்தை அதுவே பிடித்துக் கொடுக்கும். வேடிக்கை என்னவென்றால் அந்த வசதி இல்லாத காலத்தில் கவனமில்லாமல் எழுதினால் வளையம் தேடுகிற குவெரியே வளையத்தில் மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும்.

வளையம் மிச்சமிருந்தால்

அடித்து அடித்து மிச்சமிருக்கிற புள்ளிகளில்தான் வளையம் இருக்கிறது. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரே ஒரு கேள்வி: ஒரு சுற்று முடியும்போது எது குறைகிறது, எதற்குக் கீழே அது போக முடியாது? இரண்டுக்கும் பதில் வேண்டும். பதிலை டிரிகருக்கு மேலே கமென்ட்டாக எழுத வேண்டும். எழுத வரவில்லை என்றால் அந்த வளையத்தை வெட்ட வேண்டும், அதற்கு மேல் பேச்சே இல்லை என்பதுதான் இப்போது என் கட்சி.

நல்ல பதில் எப்படி இருக்கும் என்றால், பில்லின் நிலை பதிவு, எடை முடிந்தது, பணம் கொடுத்தது என்று மூன்றுதான், எந்த டிரிகரும் அதைப் பின்னால் தள்ளாது, ஆக ஒரு பில் இரண்டு தடவைக்கு மேல் நகர முடியாது, வளையத்துக்குள் புது பில்லும் பிறப்பதில்லை. முடிந்தது. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வளையத்துக்குள் எங்கேயாவது ஓர் இன்செர்ட் இருந்து, சீக்வென்ஸிலிருந்து புது எண் எடுத்துப் புது வரி பிறந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு வரியும் இரண்டே தடவைதான் நகரும் என்பதில் என்ன பிரயோஜனம்? வரிக்கு முடிவு உண்டு, வரிகளுக்கு முடிவில்லை. அதுவே இன்செர்ட் ஆகிற மதிப்புகள் ஏற்கெனவே இருக்கிற ஊர், தேதி, தரம் இவற்றின் சேர்க்கைகளாக மட்டும் இருந்து, ஒரே சேர்க்கையை இரண்டு தடவை ஏற விடாத யூனிக் கீயும் இருந்து, ஏற்கெனவே இருந்தால் சும்மா விடு என்று எழுதியிருந்தால், சேர்க்கைகள் தீர்ந்ததும் நின்றுவிடும்.

கிளைக் கடையிலிருந்து அதன் மேல் கடைக்கு, அதிலிருந்து அதற்கும் மேல் கடைக்கு என்று ஏறுகிற டிரிகர் இன்னொரு வகை. இருப்பு கூட்டுவதற்கு இப்படி எழுதுவார்கள். திற்பரப்பு கிளையில் மாறினால் மார்த்தாண்டத்தில் கூட்டு, மார்த்தாண்டத்தில் மாறினால் நாகர்கோவிலில் கூட்டு. படத்தில் இது தன்னிடமே திரும்புகிற ஒரே அம்பு, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி மேலே போகிறது, உச்சியில் நிற்கும். இது நிற்குமா என்பது உங்கள் கோடில் இல்லை, டேட்டாவில் இருக்கிறது. ஒருவர் நாகர்கோவிலின் மேல் கடையாக நாகர்கோவிலையே பதிந்துவிட்டால் போச்சு. தனக்குத் தானே மேல் கடையாக இருக்கக் கூடாது என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெய்ன்ட் போடலாம், அது ஒரு கடை வளையத்தை மட்டும் தடுக்கும். மார்த்தாண்டத்துக்கு நாகர்கோவில், நாகர்கோவிலுக்கு மார்த்தாண்டம் என்று பதிந்தால் தடுக்காது. மட்டம் என்று ஓர் எண் காலம் வைத்து, மேல் கடையின் மட்டம் கண்டிப்பாகச் சின்னது என்று வற்புறுத்துங்கள். குளத்துக்கு உயரம் எழுதி வைப்பது மாதிரி.

கெட்ட பதில்களும் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கேட்க நன்றாகவே இருக்கும். "மதிப்பு மாறினால்தான் ஓடும்" என்பது கெட்ட பதில், மேலே 37.3 கிலோவில் பார்த்தோம், மாறிக்கொண்டே இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். "வித்தியாசம் குறைந்துகொண்டே வரும்" என்பதும் தரை சொல்லாதவரை கெட்ட பதில், தசமம் எத்தனை இடம் என்று கட்டாத நியூமெரிக் காலத்தில் பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று வெகுதூரம் போகும். முழு எண்ணாகவோ பைசாவாகவோ கட்டிவிட்டால் தரை வந்துவிடும். ரவுண்ட் பண்ணுவது வளையத்தில் இரண்டு இடத்தில் நடந்தால், இரண்டும் எந்தத் திசை என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் மேலே என்றால் ஏறிக்கொண்டே போகும், என் கதை.

ஓட்டிப் பார்ப்பதும் வேண்டும்தான்

காகிதத்துக்கு அப்புறம் கம்ப்யூட்டர். ஒரு டிரான்சாக்ஷனைத் திறந்து, முதல் வேலையாக ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை ஐந்து விநாடி என்று செட் லோக்கல் போட்டு, டிரிகர் ஃபங்ஷன்களின் முதல் வரியில் பிஜி டிரிகர் டெப்த் என்ற ஃபங்ஷனின் மதிப்பை நோட்டீஸாக அச்சிட வைத்து, பிறகு பில்லைப் போடுங்கள், கடைசியில் ரோல்பேக், அதாவது போட்டதெல்லாம் ரத்து. இப்போது எத்தனை அடுக்கு ஆழம் போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஆழம் எல்லா உதாரணத்துக்கும் இரண்டு அல்லது மூன்று என்று ஒரே மாதிரி இருந்தால் நல்லது. எடை மாறினால் ஆழமும் மாறுகிறது, 37.5-க்கு ஏழு, 37.4-க்கு இருநூறை நெருங்குகிறது என்றால் அங்கே ஒரு மோட்டார் ஓடுகிறது. முழு எண்ணாக வராத எடை, பூஜ்ஜியம், நல் என்கிற காலி மதிப்பு, தனக்குத் தானே மேல் கடை, இப்படி வம்பான டேட்டாவைத் தேடிப் போடுங்கள். ஒரு விஷயம், நூறு உதாரணத்தில் நின்றது என்பதால் நூற்றியோராவதில் நிற்கும் என்று ஆகிவிடாது, அதற்குத்தான் முதலில் காகிதம்.

"டேட்டாபேஸே ஓர் எல்லை வைத்திருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் 32 அடுக்கு, டிபி2-வில் 16, ஆரக்கிளில் ரிகர்சிவ் எஸ்க்யூஎல் 50 மட்டம், எஸ்க்யூலைட்டில் சும்மா விட்டால் 1000. மைஎஸ்க்யூஎல் ஒரு படி மேலே போய், டிரிகரைக் கிளப்பிய டேபிளையே அந்த டிரிகர் மாற்ற விடாது, 1442 என்ற எர்ரர் வரும். போஸ்ட்கிரெஸில் எண்ணிக்கை எல்லை கிடையாது, முடிவில்லாமல் சுற்றாமல் பார்த்துக்கொள்வது எழுதுபவர் பொறுப்பு என்று அதன் கையேடே சொல்லிவிடுகிறது. இதெல்லாம் வீட்டில் இருக்கிற ஃபியூஸ் மாதிரி. ஃபியூஸ் போனால் வீடு எரியாது, ஆனால் விளக்கும் எரியாது. பில் ஏறாமல் நிற்கிற விவசாயிக்கு 32-ல் நின்றாலும் ஸ்டாக் தீர்ந்து நின்றாலும் ஒன்றுதான்.

எஸ்க்யூஎல் சர்வரில் ரிகர்சிவ் டிரிகர்ஸ் என்ற செட்டிங் ஆரம்பத்தில் ஆஃப் ஆகத்தான் இருக்கும். அது ஒரு டிரிகர் தன்னைத் தானே நேரடியாகக் கிளப்புவதை மட்டும் தடுக்கும், இரண்டு டேபிள் வழியாகச் சுற்றி வருவதைத் தடுக்காது. எஸ்க்யூலைட்டிலும் ரிகர்சிவ் டிரிகர்ஸ் ஆரம்பத்தில் ஆஃப். லேப்டாப்பில் எஸ்க்யூலைட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கடையில் போஸ்ட்கிரெஸில் ஏற்றுபவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்தது வேறு படம்.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கிற குறுக்குவழி, டிரிகரின் வென் நிபந்தனையில் பிஜி டிரிகர் டெப்த் பூஜ்ஜியமாக இருந்தால் மட்டும் ஓடு என்று போடுவது. சுற்று நிற்கும், உண்மைதான். ஆனால் நாளைக்கு இன்னொருவர் நியாயமான வேறொரு டிரிகரிலிருந்து அந்த டேபிளை மாற்றும்போது உங்கள் டிரிகர் சத்தமில்லாமல் ஓடாமல் இருந்துவிடும், இருப்பு தப்பாக வரும், எர்ரரும் வராது. எர்ரராவது காலையிலேயே போன் வர வைக்கும், இது மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் வெளியே வரும். அவசரத்துக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடுத்த வாரமே எடுத்துவிடுங்கள்.

ஃபியூஸுக்கே தெரியாத சுற்று

இதைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். போஸ்ட்கிரெஸில் டெஃபர்டு கன்ஸ்ட்ரெய்ன்ட் டிரிகர் என்று ஒன்று உண்டு, அது உடனே ஓடாமல், மாற்றங்களை நிரந்தரமாக்குகிற கமிட் நேரத்தில் ஓடும். அது ஓடும்போது தன்னைத் தானே மறுபடி வரிசையில் நிறுத்தினால், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், ஸ்டாக் நிரம்பாது, டெப்த் எப்போதும் ஒன்று என்றே காட்டும். கமிட் அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். சோதனையில் கமிட்டுக்குக் காத்திருக்காமல் செட் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் ஆல் இம்மீடியட் என்று போட்டால் அந்த இடத்திலேயே எல்லாம் ஓடும், அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

டிரான்சாக்ஷனுக்கு வெளியே சுற்றுவது இன்னும் மோசம். மார்த்தாண்டத்தில் ஒரு டேட்டாபேஸ், நாகர்கோவிலில் ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாறிய வரிகளை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்கிற ஒரு ஸ்கிரிப்ட். இரண்டு பக்கமும் கடைசியாக மாறிய நேரத்தைப் புதுப்பிக்கிற ஒரு டிரிகர். இங்கிருந்து போன வரி அங்கே நேரத்தை மாற்றும், மாறியதால் திரும்ப இங்கே வரும், இங்கேயும் நேரம் மாறும், மறுபடி அங்கே. ஒவ்வொரு ஓட்டமும் ஒரு விநாடிக்குள் அழகாக முடியும், எந்த எல்லையிலும் மோதாது, எர்ரர் லாக் சுத்தமாக இருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: கடை பூட்டிய பிறகு, இரவு இரண்டு மணிக்கு, பிஜி ஸ்டாட் யூசர் டேபிள்ஸில் அப்டேட் எண்ணிக்கையை ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். ஆள் இல்லாத கடையில் கொள்முதல் டேபிளில் அந்த எண் ஏறினால் யார் மாற்றுகிறார்கள்?

இதற்கும் அதே கேள்விதான், எது குறைகிறது. நேரம் குறையாது, அது ஏறிக்கொண்டே போகிற ஒன்று. அதற்குப் பதில் ஒவ்வொரு வரியிலும் ஒரு பதிப்பு எண் வைத்து, ஆள் கையால் மாற்றும்போது மட்டும் அதைக் கூட்டி, வந்த வரியின் எண் நம்மிடம் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால்தான் ஏற்றுக்கொள் என்று வையுங்கள். ஒரு தடவை போய்ச் சேர்ந்ததும் இரண்டு பக்கமும் சமம், நின்றுவிடும். மாறிய வரிகளை இன்னொரு டேட்டாபேஸுக்குத் தானே அனுப்புகிற போஸ்ட்கிரெஸின் சொந்த லாஜிக்கல் ரெப்ளிகேஷனை இரண்டு திசையிலும் வைக்கிறீர்கள் என்றால், 16-ஆம் பதிப்பிலிருந்து சப்ஸ்கிரிப்ஷனில் ஆரிஜின் நன் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, வேறிடத்திலிருந்து வந்த வரியைத் திருப்பி அனுப்பாது.

குலசேகரம் கடையில் என்ன செய்தேன் என்றால், புது டிரிகரைத் தூக்கிவிட்டேன். தொகை என்பது விலையிலிருந்து பிறப்பது மட்டும்தான், அதையும் ஆஃப்டரிலிருந்து பிஃபோருக்கு மாற்றி, வரி எழுதப்படும் முன்பே கணக்குப் போட வைத்தேன். தொகையைக் கையால் மாற்ற வேண்டும் என்று அண்ணன் கேட்டதற்கு, ஸ்கிரீனிலேயே ஒரு பட்டன் வைத்து ஒரே ஒரு தடவை வகுத்து விலையில் போடச் செய்தேன். 37.3 கிலோவுக்கு இப்போது 6808 வருகிறது. அன்று காலையில் ஏறிய பில்களைத் தேடி, யாருக்கு எவ்வளவு கூடுதல் போனது என்று பட்டியல் எடுத்து அண்ணனிடம் கொடுத்தேன். 37.4 சும்மா போட்டுப் பார்த்தது, அதை அழித்துவிட்டார். 37.5-க்கு நேரே எழுதியிருந்த இரண்டு ரூபாயைப் பார்த்துவிட்டு, "குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும் தம்பி, அந்த நாலாவது ஆளுக்கு என்ன 11 ரூவா கூடப் போயிருக்கு, அவரு நேத்து ஒட்டுப்பால்ல மண்ணு வச்சுக் குடுத்தாரு, அவருகிட்ட மட்டும் கேக்கணும்" என்றார்.